ஆஃப்சீசனில் ஒரு குவார்ட்டர்பேக் எதைத் திருத்திக்கொள்ள முடியும்?

அமெரிக்கக் கால்பந்தில் முதல் ஓரிரு சீசன்களில் தடுமாறிய இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் தனிப் பயிற்சியாளரிடம் வீசிப் பழகுகிற சின்ன வீடியோ ஒன்று கோடையில் வெளியே வரும். உடனே ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். "பையன் உழைக்கிறான், இந்த வருஷம் பாருங்கள்" என்பார்கள் ஒரு பக்கத்தார். "எதிரே ஆளே இல்லாத மைதானத்தில் அரைக்கால் சட்டையோடு யார் வேண்டுமானாலும் வீசலாம்" என்பார்கள் மறுபக்கத்தார். இரண்டு வாதமும் அவர் உழைக்கிறாரா என்பதையே சுற்றி வருகின்றன. அந்த ஆட்டத்தின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வரை வந்தவர்களில் உழைக்காதவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டியது வேறு: அவருடைய கோளாறு எது, அது ஆட்டமில்லாத மாதங்களில் சரியாகக்கூடிய வகையா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை தேவைப்படாது.

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு முதலில் கொஞ்சம் அடிப்படை. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேற வேண்டும். நடுவில் குனிந்திருப்பவர் பந்தைப் பின்னால் தருவது ஸ்னாப். அதை வாங்கி என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அவரைச் சுற்றி சக வீரர்கள் தடுப்பாக நின்று உண்டாக்கும் இடம் பாக்கெட். அங்கே அவருக்குக் கிடைப்பது இரண்டரை முதல் மூன்று விநாடி. அதற்குள், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஒருவருக்கு அதை வீச வேண்டும். எதிரணி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். வீசுவதற்கு முன்பே அவரை வீழ்த்திவிட்டால் சாக். வீசியதில் எத்தனை சதவீதம் சக வீரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் நிறைவு விகிதம். இப்போது லீக்கின் சராசரி ஏறத்தாழ 65 சதவீதம்.

நாட்காட்டி ஏன் முக்கியம்

ஜனவரியில் அணியின் கடைசி ஆட்டம் முடிந்ததும், வீரர்கள் சங்கத்துக்கும் லீக்குக்கும் உள்ள ஒப்பந்தப்படி அணிப் பயிற்சியாளர்கள் குவார்ட்டர்பேக்குக்கு ஆட்டத்தைக் கற்றுத்தர முடியாது. ஏப்ரல் வரை இந்தத் தடை உண்டு. தனிப் பயிற்சியாளர்கள் என்றொரு தொழிலே உருவானதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

ஏப்ரலில் 9 வாரத் திட்டம் தொடங்கும். புதுத் தலைமைப் பயிற்சியாளர் வந்த அணிகள் இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்கலாம். முதல் 2 வாரம் உடற்பயிற்சியும் கூட்டங்களும் மட்டும். அடுத்த 3 வாரம் மைதானத்தில் பயிற்சி உண்டு, ஆனால் தாக்கும் பிரிவும் தடுக்கும் பிரிவும் எதிரெதிரே ஆடக் கூடாது. கடைசி 4 வாரத்தில் 10 நாள் 11க்கு 11 ஆடிப் பார்க்கலாம். கட்டாயமாக வர வேண்டிய குறுமுகாம் ஒன்றும் இந்தக் கட்டத்தில் நடக்கும். அப்போதும் ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்தக் கூடாது. பிறகு ஜூலை கடைசி வரை விடுமுறை, அதன்பின் பயிற்சி முகாம். முகாமிலும் குவார்ட்டர்பேக்குக்குத் தனி நிறச் சட்டை போட்டுவிடுவார்கள்: இவரைத் தொடக் கூடாது என்று பொருள். முன்சீசன் ஆட்டங்களில் முதல்நிலை குவார்ட்டர்பேக் கொஞ்ச நேரம்தான் இறங்குவார், சிலர் இறங்குவதே இல்லை.

ஆக, ஜனவரியில் கடைசியாக அடி வாங்கியவர் மறுபடி முழு வேகத்தில் அடி வாங்குவது பெரும்பாலும் செப்டம்பரில்தான். இடையில் எட்டு மாதம். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். எது திருந்தும், எது திருந்தாது என்பது பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது.

கால்: நன்றாகத் திருந்தும்

குறி தவறும் வீச்சுகளில் பலவற்றுக்குக் காரணம் கை இல்லை, கால். சரியான நிலையில் பாதங்கள் தோள் அகலமோ அதைவிடச் சற்றே கூடுதலாகவோ விரிந்திருக்கும், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், உடல் எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்கும். வீசும்போது முன்கால் ஒரு சிறு எட்டு மட்டும் எடுத்து வைக்கும்.

இளம் வீரர்களிடம் அடிக்கடி காணும் தவறு அந்த எட்டு நீண்டுபோவது. முன்கால் ரொம்பத் தள்ளி ஊன்றினால் எடை பின்காலிலேயே தங்கிவிடும், மேலுடல் பின்னால் சாயும், பந்து கையை விட்டு மேல்நோக்கிப் புறப்படும். ரிசீவர் தலைக்கு மேலே பறந்து, பின்னால் நிற்கும் எதிரணிக்காரர் கையில் விழும். வலுவான கை உள்ளவர்களுக்கு இந்தக் கோளாறு அதிகம், ஏனென்றால் சிறுவயதிலிருந்து கால் தவறியதையெல்லாம் கை சமாளித்துக்கொடுத்திருக்கும்.

அடுத்தது முன்பாதத்தின் திசை. வலது கைக்காரரின் இடது பாதம் இலக்குக்குச் சற்றே இடப்புறமாகத் திரும்பியிருக்க வேண்டும். உள்பக்கமாக மூடிக்கொண்டால் இடுப்பு திரும்ப வழியில்லாமல் முட்டும். கை உடம்பின் குறுக்கே இழுத்து வீசும், பந்து ரிசீவருக்குப் பின்னால் போகும்.

மூன்றாவதுதான் ஆட்டத்தில் அதிகம் காலை வாருவது. முதல் ரிசீவர் கிடைக்காமல் கண் இரண்டாமவருக்குப் போகிறது, ஆனால் கால் இன்னும் முதலாமவரைப் பார்த்தபடி நிற்கிறது. அப்படியே வீசினால் எட்டு மீட்டர் தூரத்து எளிய வீச்சுகூடத் தரையில் குத்தும். கண் நகரும்போதெல்லாம் கால் கூடவே திரும்பி ஊன்ற வேண்டும்.

இவற்றுக்கான பயிற்சிகள் எளிமையானவை, சலிப்பூட்டுபவை. முன்காலை எடுத்து வைக்காமல் நின்ற நிலையிலேயே வீசுவது. தரையில் வரிசையாகப் பைகளைப் போட்டு, அவற்றை மிதிக்காமல் பக்கவாட்டில் நகர்ந்தபடி, சொன்ன நொடியில் ஊன்றி வீசுவது. மூன்று இலக்குகளை வைத்து, பயிற்சியாளர் கடைசி நேரத்தில் கைகாட்டும் இலக்குக்குக் காலைத் திருப்பி வீசுவது. தினமும் செய்தால் சில வாரங்களிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தனிப் பயிற்சியாளரிடம் செலவழிக்கும் நேரத்துக்கு மிக நல்ல பலன் இங்கேதான் கிடைக்கிறது.

கை வீச்சு: திருந்தியதுபோல் தெரியும்

பந்தை வீசும் விசை தரையிலிருந்து வருகிறது. பின்கால் தள்ளும், இடுப்பு திரும்பும், அதன்பின் மார்பும் தோளும், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. இந்த வரிசை குலைந்து தோள் இடுப்போடு சேர்ந்தே திரும்பிவிட்டால் வேகமும் குறையும், குறியும் தவறும். உடம்பில் சென்சார்களையோ குறிகளையோ பொருத்தி, முப்பரிமாணத்தில் இந்த வரிசையை ஆயிரத்தில் ஒரு விநாடிக் கணக்கில் அளக்கும் வசதி இன்று பரவலாகிவிட்டது. பேஸ்பால் பந்துவீச்சாளராக இருந்த டாம் ஹவுஸ் இந்த அறிவைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குகளான ட்ரூ ப்ரீஸ், டாம் பிரேடி இருவரும் அவரிடம் பயின்றவர்கள்.

வரிசையைச் செம்மைப்படுத்துவது ஒன்று, கையின் பாதையையே மாற்றுவது வேறொன்று. குவார்ட்டர்பேக் டிம் டீபோ 2010 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 25ஆவது ஆளாக டென்வர் பிராங்கோஸ் அணிக்குப் போனார். பந்தை இடுப்புவரை இறக்கிச் சுற்றிக் கொண்டுவரும் நீண்ட வீச்சு அவருடையது. டிராஃப்டுக்கு முன்பே அதைச் சுருக்கப் பாடுபட்டார், காலிமைதானத்தில் சுருங்கவும் செய்தது. ஆட்டத்தில் பழைய சுற்றே திரும்பி வந்தது. 2011இல் அவருடைய நிறைவு விகிதம் 46.5 சதவீதம். அவர் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

காரணம் புரிந்துகொள்ள எளிது. பத்து வயதிலிருந்து பல்லாயிரம் முறை ஒரே மாதிரி வீசிப் பழகிய அசைவு, யோசிக்காமலே வரும். புதிய அசைவை யோசித்துத்தான் செய்ய முடியும். 120 கிலோ ஆள் ஒருவர் பாய்ந்துவரும்போது யோசிக்க நேரமிருக்காது, பழையதே முந்திக்கொள்ளும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஆக்‌ஷனை மாற்றுவது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். அவருக்காவது ஓடிவரத் தூரம் இருக்கிறது, வீசும்போது யாரும் மேலே விழுவதில்லை. ஆகவே ஒரு குவார்ட்டர்பேக்கின் சிக்கல் நீண்ட கைச் சுற்றுதான் என்றால், ஒரு கோடையை நம்பி ஆசையை வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

கையைக் களைப்படைய வைப்பதும் இங்கே நடக்கும் தவறு. சீசன் முடிந்ததும் தோளுக்குச் சில வாரம் ஓய்வு கொடுத்து, பிறகு குறைந்த தூரத்தில், குறைந்த எண்ணிக்கையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். களைத்த தோள் முழங்கையைத் தாழ்த்திவிடும். தாழ்ந்த முழங்கையோடு பழகினால் கோளாறையே மனப்பாடம் செய்த மாதிரி ஆகிவிடும். "5 கிலோ தசை கூட்டியிருக்கிறார்" என்ற செய்திக்கும் பெரிய மதிப்பில்லை. மெலிந்த உடல்காரருக்கு அடியைத் தாங்க உதவும், அவ்வளவுதான். மார்புத் தசை அளவுக்கு மீறினால் தோள் திரும்புவதே குறையும்.

படித்தறிதல்: பாதி திருந்தும்

களத்தைப் படிப்பது என்று சொல்கிறார்களே, அது என்ன? ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம். வலப்பக்கம் இரண்டு ரிசீவர்கள். வெளியே நிற்பவர் 5 யார்டு ஓடி நின்று திரும்புகிறார். உள்ளே நிற்பவர் 10, 12 யார்டு ஓடி வெளிப்பக்க மூலையை நோக்கி வெட்டித் திரும்புகிறார். இதற்கு ஸ்மாஷ் என்று பெயர். குவார்ட்டர்பேக் பார்க்க வேண்டியது இந்த இருவரையும் அல்ல, அந்த ஓரத்தைக் காக்கும் எதிரணி வீரரை. அவர் பின்வாங்கினால் கீழே நிற்பவருக்கு வீச வேண்டும். அவர் கீழேயே நின்றால் அவர் தலைக்கு மேலாக மூலைக்கு வீச வேண்டும். எதிராளி எதைச் செய்தாலும் அது தப்பாக முடியும்படி அமைத்த திட்டம் இது.

இளம் வீரர் இங்கே எப்படித் தவறுகிறார்? ரிசீவர் விடுபட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே வீசுகிறார். கல்லூரியில் அது போதும், இங்கே போதாது. 20 யார்டு என்பது சுமார் 18 மீட்டர். விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் போகும் பந்து அதைக் கடக்க 0.8 விநாடி ஆகும். விநாடிக்கு 7 மீட்டர் ஓடும் எதிராளி அதற்குள் ஐந்தரை மீட்டர் வந்துவிடுவார். கால் விநாடி தயங்கினால் அவருக்கு இன்னும் ஒன்றே முக்கால் மீட்டர் இலவசம். பிடிக்கப்படும் பந்துக்கும் பறிக்கப்படும் பந்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. அதனால்தான் கால் அடிகளோடு கண்ணைக் கட்டிப் பழக்குகிறார்கள்: ஐந்து அடி பின்வாங்கி ஊன்றியதும் முதல் ரிசீவர், ஒரு சிறு துள்ளல் இட்டதும் இரண்டாமவர், இன்னொரு துள்ளலில் மூன்றாமவர், அதற்கும் மேல் வழியில்லை என்றால் அருகில் நிற்பவருக்குச் சின்ன வீச்சு.

இதில் ஆஃப்சீசனில் கற்கக்கூடிய பங்கு கணிசமானது. ஆட்டத் திட்டங்களை மனப்பாடம் செய்யலாம். ஒரு திட்டத்தின் அழைப்பே பத்துப் பன்னிரண்டு சொல் நீளும். 40 விநாடிக் கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது பயிற்சியாளரோடுள்ள ரேடியோ துண்டிக்கப்படும், அதற்குள் வாங்கிச் சகவீரர்களுக்குத் திக்காமல் சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல்லிப் பழகுபவர்கள் உண்டு. கடந்த சீசனின் ஒவ்வொரு வீச்சையும் வீடியோவில் நிறுத்தி, ஸ்னாப்புக்கு முன் எதிரணியின் பின்வரிசையில் ஒருவர் நின்றாரா இருவர் நின்றார்களா, ஸ்னாப் ஆனதும் எப்படி மாறினார்கள் என்று குறித்துக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் (எல்.எஸ்.யு.) படித்தபோது மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு எதிரணி வரிசைகளைப் படித்துப் பழகியவர். 2024இல் அவர் என்.எஃப்.எல்.லின் சிறந்த புதுமுகத் தாக்குநர் விருது பெற்றதால் அந்த முறைக்கு மதிப்புக் கூடியது.

ஆனால் இந்தப் படிப்பு நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. பாடத்திட்டம் மாறக் கூடாது. அலெக்ஸ் ஸ்மித் 2005 டிராஃப்டின் முதல் ஆள். முதல் சீசனில் 1 டச்டவுன் வீச்சு (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி பெற்றுத்தரும் வீச்சு), 11 இன்டர்செப்ஷன். அதன்பின் ஆண்டுதோறும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், அதாவது வீசும் அணியின் திட்டங்களை வகுக்கும் பயிற்சியாளர், மாறிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு கோடையும் புது மொழி. அந்த ஆண்டுகளில் அவரைச் சோம்பேறி, தகுதியற்றவர் என்றெல்லாம் திட்டியது பெரிய அநியாயம். 2011இல் வீரர்களோடு ஒப்பந்தத் தகராறு ஏற்பட்டு உரிமையாளர்கள் லீக்கைப் பூட்டியபோது, அணி வளாகத்துக்குள் கால்வைக்க முடியாத நிலையில், சக வீரர்களைத் திரட்டி சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் புதுப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவின் திட்டங்களை அவரே சொல்லிக்கொடுத்தார். அந்த சீசனில் 17 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், அணிக்கு 13 வெற்றி.

நெருக்கடி: செப்டம்பர் வரை தெரியாது

தன்னை நோக்கி ஆள் பாய்ந்து வரும்போது கண்ணைக் கீழே இறக்கி அவரைப் பார்ப்பதா, தூரத்து ரிசீவர் மீதே வைத்திருப்பதா? நல்ல குவார்ட்டர்பேக் பாக்கெட்டுக்குள்ளேயே ஓர் அடி முன்னேறி வீசுவார். தடுமாறுபவர் பின்பக்கமாகச் சுழன்று ஓடி, 5 யார்டு இழப்பை 12 யார்டு ஆக்குவார். இது பயமல்ல, அனிச்சை. பயிற்சியாளர் நுரைப்பையால் இடித்துப் பார்க்கலாம், துடைப்பத்தை முகத்துக்கு நேரே ஆட்டலாம். ஆனால் வலிக்காது என்று உடம்புக்குத் தெரியும். எட்டு மாதம் யாரும் அடிக்காத ஒருவர் அடிக்குப் பழகிவிட்டார் என்று எந்த வீடியோவும் காட்ட முடியாது. சாக் எண்ணிக்கைக்குத் தடுப்பு வரிசையை மட்டும் குறைசொல்வதும் இதனாலேயே சரியில்லை. பந்தை நெடுநேரம் வைத்திருப்பவர் எந்த அணிக்குப் போனாலும் சாக் அவரோடு போகும்.

ஜோஷ் ஆலனை எல்லோரும் இழுப்பது ஏன்

இந்த விவாதத்தில் யாராவது ஒருவர் "ஆலனும் இப்படித்தான் இருந்தார்" என்பார். 2018 டிராஃப்டில் 7ஆவது ஆளாக வயோமிங் பல்கலைக்கழகத்திலிருந்து பஃபலோ பில்ஸுக்கு வந்தவர். நிறைவு விகிதம் முதல் ஆண்டு 52.8, இரண்டாம் ஆண்டு 58.8, மூன்றாம் ஆண்டு 69.2. இப்படி ஏறியவர்கள் மிக அரிது. கோடைகளில் கலிஃபோர்னியாவில் முன்னாள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் பாமரிடம் கால் வைக்கும் முறையையும் உடல் வரிசையையும் சீராக்கினார், அசைவுகளை முப்பரிமாணத்தில் அளந்து பார்த்தார். பெரிய தாவல் நிகழ்ந்த 2020இல் பெருந்தொற்றால் அணிகளின் வசந்தகாலப் பயிற்சி முழுக்க இணையவழிக் கூட்டங்களாக நடந்தது, முன்சீசன் ஆட்டம் ஒன்றுகூட இல்லை. தனிப் பயிற்சியின் ஆதரவாளர்களுக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

ஆனால் அதே 2020 மார்ச்சில் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் அணிக்கு வந்தார். அந்த சீசனில் லீக்கிலேயே அதிகமாக 127 பந்துகளைப் பிடித்து 1,535 யார்டு எடுத்தார். ஒருங்கிணைப்பாளர் பிரையன் டேபோல் 2018 முதல் மாறவே இல்லை, ஆலனுக்கு அது ஒரே திட்டத்தில் மூன்றாவது ஆண்டு. பயிற்சி, ரிசீவர், மாறாத பாடத்திட்டம் என மூன்றும் ஒரே நேரத்தில் கூடின. எல்லாம் டிக்ஸால்தான் என்றவர்களுக்குப் பதில் பிறகு கிடைத்தது: 2024 ஏப்ரலில் டிக்ஸ் ஹூஸ்டனுக்குப் போய்விட, அந்த சீசனின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை ஆலன் வாங்கினார்.

உங்கள் அணியின் இளைஞரை ஆலனோடு ஒப்பிடுமுன் இரண்டைச் சரிபாருங்கள். அவருடைய கோளாறும் கால் சார்ந்ததுதானா? அணி அவருக்கு அதே திட்டத்தையும் நல்ல ரிசீவரையும் தருகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த ஒப்பீடு வெறும் ஆறுதல்தான்.

வீடியோவையும் முதல் ஆட்டங்களையும் பார்க்கும் முறை

கோடை வீடியோவில் பந்து எங்கே போய் விழுகிறது என்பதைப் பார்க்காதீர்கள், எதிரே ஆளில்லாத இடத்தில் எல்லோருக்கும் சரியாகத்தான் விழும். முன்கால் தரையைத் தொடும் நொடியில் நிறுத்துங்கள். எட்டு நீளமா குறுகலா, பாதம் எந்தப் பக்கம், பந்து காதோரம் வரை ஏறிவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஃபிரேம்களை எண்ணுங்கள். கை கிளம்பியதிலிருந்து பந்து விடுபடும் வரை ஏறத்தாழ 0.4 விநாடி என்றால், விநாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் அது 12 ஃபிரேம். கடந்த ஆண்டு ஆட்டத்தில் 15 இருந்து இப்போது 12 என்றால் ஏதோ நடந்திருக்கிறது. வெட்டி ஒட்டிய வீடியோவையும் மெதுவாக ஓடும் வீடியோவையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

செப்டம்பரில் முதல் நான்கு ஆட்டங்களில் சுமார் 120 வீச்சு சேரும். டச்டவுன், இன்டர்செப்ஷன் இரண்டையும் அப்போது ஒதுக்கிவையுங்கள். ரிசீவர் கையில் பட்டுத் தெறித்த ஒரு பந்து அந்தக் கணக்கையே புரட்டிவிடும். நிறைவு விகிதத்தைத் தூரத்தோடு சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் 3 யார்டு வீச்சுகளால் அதை யாரும் உயர்த்திவிடலாம். அதைவிட நல்ல அறிகுறி, இரண்டாவது மூன்றாவது ரிசீவருக்குப் போன வீச்சுகளில் கால் கண்ணோடு திரும்பியதா என்பது. ஆட்டத்துக்கு ஏழெட்டு வீச்சு அப்படி வரும், திரும்ப ஓட்டிப் பார்த்தால் போதும். அதோடு, முதல் பாதியில் இரண்டு சாக் வாங்கியபின் மூன்றாம் கால்பகுதியில் அவருடைய முன்கால் எட்டு மறுபடி நீள்கிறதா என்று கவனியுங்கள். கோடையில் திருத்தியது உடம்பில் ஊறியிருக்கிறதா என்பதை அந்தப் பதினைந்து நிமிடம் காட்டிவிடும்.